பின்னும் பின்னும்

பரமசிவத்தின் காதை விட்டு முதலில் போனது குக்கர் விசில். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு மனைவி ராஜலட்சுமி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. அவர் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"விசில் வரவே இல்லையே" என்றார்.

அவர் விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். 2003-ஆம் வருடத்து மழைக்காலம் அது. அதற்குள் அவர் ஓசூருக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சொந்தக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தவர், சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான தகட்டு பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து ராம் என்னும் கனத்த இரும்பு இறங்கி ஒரே அடியில் அதை வளைத்தோ வெட்டியோ போடும். அப்படிப்பட்ட மெஷின்கள் வரிசையாக நிற்கும் தகரக் கூரை ஷெட். உள்ளே நுழைந்தால் நெஞ்செலும்பு அதிரும். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். வேர்வையில் பஞ்சு நனைந்து ஊறிப் போகும், எடுத்துப் போட்டுவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான்.

விசிலுக்குப் பிறகு தெருவில் போகும் சைக்கிள் மணி போனது. பிறகு மகள் லாவண்யாவின் குரல். அவள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள், மெல்லிய குரல். ஆண்களின் தடித்த குரல் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, அதுவும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல ஆனது. பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

"டிவிய இம்புட்டுச் சத்தமா வச்சிருக்கிய, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வாராக" என்று ராஜலட்சுமி ஒரு நாள் அவர் தோளைத் தொட்டுச் சொன்னபோதுதான் அவர் ஒத்துக்கொண்டார்.

"காது சரியில்ல" என்றார். "கம்பெனியில சொல்லாத. ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம். தெரிஞ்சா நிறுத்திருவாங்க."

அதன் பிறகு அவர் வாய்களைப் பார்க்கத் தொடங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதடு எப்படிக் குவிகிறது, எங்கே மூடுகிறது, கண் எந்தப் பக்கம் போகிறது, கை எதைக் காட்டுகிறது என்று கூட்டிக்கூட்டிப் பேச்சைப் பிடித்தார். தமிழில் நீளமாகப் பேசினால் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். சாப்டியா, பஸ் வந்துருச்சா, நாளைக்கு லீவா என்று கேட்பவர்கள் எப்போதும் அதையேதான் கேட்டார்கள். ஆனால் ஓசூரில் தமிழ் மட்டும் போதாது. ஒரே வாக்கியத்தில் கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் போய்த் தமிழில் முடிப்பார்கள். சூப்பர்வைசர் மோகன்குமாருக்கு உதட்டை மூடிய அடர்ந்த மீசை வேறு. அவர் பேசினால் மீசை அசையும், அவ்வளவுதான்.

எட்டு மணி நேரமும் இப்படியே. உடம்பு செய்யும் வேலையைவிடப் பார்த்துப் பார்த்துக் கேட்கிற வேலை அவரைச் சக்கையாகப் பிழிந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர இருக்கையில் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் வந்து அல்ல. கண் திறந்திருந்தால் யாராவது பேசுவார்கள். பேசினால் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம் இங்கிலீஷ் வார்த்தைகள். அதிலும் மூன்றெழுத்து வார்த்தைகள். பிரஸ் ஷாப்பில் பாதிப் பொருளுக்கு அப்படிப்பட்ட பெயர்தான். ராம் இறங்காமல் பூட்டி வைக்கச் செருகும் தடித்த இரும்புக் குச்சி பின். வெட்டி விழும் கழிவுத் தகடு சேரும் தொட்டியும் பின். எழுதினால் தமிழில் இரண்டும் ஒன்றே. இங்கிலீஷில் முதலெழுத்து மட்டும் வேறு, சொல்லும்போது ஒலியும் வேறு. காது உள்ளவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. காது போனவனுக்கு உதடு ஒரு தரம் மூடித் திறக்கிறது, நாக்கு உள்ளே எங்கோ போய் ஒட்டுகிறது, தீர்ந்தது. மெஷினின் அடித்தளம் பெட். தகட்டை அமுக்கிப் பிடிப்பது பேட். ஓட்டை போடுவது பிட். நிற்கிற இடத்தில் விரிக்கும் ரப்பர் மேட். எல்லாமே உதட்டை மூடித் தொடங்கி, பல்லுக்குப் பின்னால் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ராஜலட்சுமியைக் கதவுப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்து அந்த வார்த்தைகளைச் சத்தம் இல்லாமல் சொல்லச் சொன்னார். அவள் பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்தாள். முள் கிழித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, லாவண்யா சொல்லிக்கொடுத்தபடி வாயசைத்தாள்.

"பெட்" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"பிட்?"

இல்லை.

"மேட்?"

"பேட்" என்று அவள் சத்தமாகச் சொன்னாள். மறுபடி ஒன்று சொன்னாள். அவர் பிடித்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பல தடவை சொன்னாள். பிறகு திரும்பி, அவருக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"உங்க மேல தப்பில்ல. எனக்கே வித்தியாசம் தெரியல. கம்பெனியில சொல்லிருங்க."

"சொல்லிட்டு எங்க போக?"

அவள் சோறு வடிக்கப் போனாள்.

அவரோடு ஒரே மெஷினில் நின்றவர் சென்னப்பன். சூளகிரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடமும் தமிழும். பரமசிவத்தைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மெஷினில் மாற்றுவதுதான் அவர் வேலை. உள்ளே கைவிட்டு அச்சைப் பொருத்தும்போது, ராம் இறங்காதபடி பக்கத்தில் இருப்பவர் பின்னைச் செருக வேண்டும். செருகியதும் தலையாட்டுவார். அதன் பிறகே கை உள்ளே போகும்.

2005 கோடையில் ஒரு நாள் காலை ஷிப்ட். அச்சு மாற்ற வேண்டியிருந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள், ஆனால் ராமை இயக்கும் பெரிய சக்கரம் ஓய்ந்து நிற்க நேரம் பிடிக்கும், அது சுற்றிக்கொண்டிருந்தது. சென்னப்பன் குனிந்து அச்சைப் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பி, "பின்" என்றார்.

பரமசிவம் உதட்டைப் பார்த்தார். பக்கத்தில் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை எடுக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு தலையாட்டினார். தொட்டியைப் பிடித்து வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கினார்.

தலையாட்டியதைப் பார்த்த சென்னப்பன் பின் போட்டாயிற்று என்று நினைத்துக் கையை உள்ளே விட்டார். ஒரு போல்ட்டை முறுக்கும்போது ஸ்பானர் நழுவி அச்சின் மேல் விழுந்தது. தேய்ந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கலாம் என்று கையை வெளியே இழுத்தார். அந்த நேரத்தில் ராம் இறங்கியது. சக்கரத்தில் மிச்சமிருந்த வேகத்தைப் பழைய கிளட்ச் பிடித்து ராமுக்குக் கொடுத்துவிட்டது. ஸ்பானர் நசுங்கி, மடங்கி, ஒரு துண்டு சுவரில் போய் அடித்தது.

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் திரும்பவில்லை. பரமசிவம் தொட்டியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

"ஏமய்யா!" என்று சென்னப்பன் கத்தினார். "பின்னு போடச் சொன்னா எங்க போற?"

முதுகு திரும்பவில்லை. சென்னப்பன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தார். பரமசிவம் திரும்பி, வழக்கம்போலச் சிரித்தார். 'என்னண்ணே, தொட்டியத்தான எடுக்கச் சொன்னிய' என்பதுபோல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சென்னப்பனுக்கு விளங்கிவிட்டது. ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

டீ நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"உனக்குக் காது கேக்கறதில்ல. அப்படித்தான?"

பரமசிவம் நசுங்கிய ஸ்பானரை அதற்குள் பார்த்திருந்தார். டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருசமா இருக்கும்ணே."

"ரெண்டு வருசமா நான் உன்ன நம்பித்தான கைய உள்ள வுட்டன்?" சென்னப்பன் தன் வலது கையை அவர் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினார். "இந்தக் கைய நம்பி வூட்ல ஆறு பேரு கீறாங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டன். ஆனா நாளைல இருந்து உன்கூட நிக்கமாட்டன். கோவிச்சுக்காத."

பரமசிவம் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ராஜலட்சுமி விடாமல் கேட்டபோது, "அவரு கை போயிருக்கும்" என்றார்.

சென்னப்பன் சொன்னபடியே வேறு மெஷினுக்கு மாற்றிக்கொண்டார். பரமசிவத்தோடு புதிதாக வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். அவர் ஒவ்வொரு முறையும் பின் போட்டிருக்கிறதா என்று தானே எட்டிப் பார்த்தார், போட்ட பிறகும் பார்த்தார், கை உள்ளே போன பிறகும் பார்த்தார். உற்பத்தி குறைந்தது. மோகன்குமார் வந்து மீசை அசையத் திட்டிவிட்டுப் போவார். என்ன திட்டு என்று தெரியாவிட்டாலும் திட்டு என்று தெரியும்.

ஒரு திங்கட்கிழமை சென்னப்பன் பழைய மெஷினுக்கே திரும்பி வந்து நின்றார். பரமசிவம் வியப்போடு பார்த்தார்.

"அங்க இருக்கற பசங்களுக்குக் காது நல்லா கேக்குது, கவனந்தான் எங்கயோ போவுது. செல்லு பாத்துக்கினே பின்னு போடறான்" என்றார் சென்னப்பன். பிறகு நேராக முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஒண்ணு சொல்றன் கேளு. இனிமே புரியாம தலையாட்டாத. புரியலன்னா கைய தூக்கு. பத்து தடவ வேணாலும் சொல்றன்."

"சரிண்ணே."

"அப்பறம் இந்த இங்கிலீசு பேர எல்லாம் வுட்டுடு. குத்துறது ஊசி. குப்ப போடறது தொட்டி. சொல்லிப் பாரு, வாய் வேறயா இருக்குதா?"

ஊசி என்றபோது உதடு குவிந்து விரிந்தது. தொட்டி என்றபோது வட்டமாகத் திறந்தது. பரமசிவம் இரண்டையும் தானே சொல்லிப் பார்த்தார். எவ்வளவோ நாளாகத் தூக்கிச் சுமந்த ஒன்றை யாரோ ஒரு பக்கம் கைகொடுத்துப் பிடித்ததுபோல இருந்தது.

சென்னப்பனுக்கு இது பெரிய காரியமே இல்லை. அவர் வீட்டில் ஒரு பாத்திரத்துக்கு மூன்று பெயர் உண்டு. மனைவி ஒன்று சொல்வாள், மருமகள் ஒன்று சொல்வாள், அவர் ஒன்று சொல்வார். மெஷினின் பெட்டைக் கட்டில் என்றார். பேட்டைத் தலகாணி என்றார். மேட்டைப் பாய் என்றார். பிட்டுக்கு மட்டும் ஒன்றும் தோன்றாமல் மூக்கு என்று வைத்தார்.

"கட்டல்ல எண்ண வுடு, தலகாணிய எடு" என்று சென்னப்பன் கூவுவதைக் கேட்டுப் பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். தூக்கமே கிடைக்காத ஷெட்டில் கட்டிலும் பாயும் தலகாணியும்! விளையாட்டாக அவர்களும் சொல்லத் தொடங்கி, சில மாதத்தில் அந்த வரிசை முழுக்க அதுவே பேச்சானது. காரணம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஆனால் பரமசிவத்துக்கு மிச்சமிருந்த கேட்கும் சக்தியும் தேய்ந்துகொண்டே வந்தது. வீட்டில் லாவண்யா பேச வருவது குறைந்துவிட்டது. எதையும் மூன்று தடவை சொல்லும் பொறுமை எந்தப் பிள்ளைக்கு இருக்கும்? ராஜலட்சுமியே சில நாள் பண்ணையிலிருந்து வந்த அலுப்பில், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று கையை உதறிவிடுவாள். அந்த 'விடுங்க' மட்டும் அவருக்கு எப்போதும் தெளிவாகப் புரிந்தது.

2007-இல் பாகங்களை வாங்கும் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஷெட்டைச் சோதிக்க ஆடிட் வருகிறது என்றார்கள். ஷெட்டுக்கு வெள்ளையடித்தார்கள். எல்லாப் பொருளின் மேலும் இங்கிலீஷில் பெயர் ஒட்டினார்கள். மோகன்குமார் வரிசை வரிசையாக வந்து நின்று, இனி ஒட்டியிருக்கும் பெயரைத்தான் சொல்ல வேண்டும், கட்டில் பாய் எல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சேலத்துல பி.இ. படிச்சவரு. அவருக்கு நம்ம கட்டல் புடிக்கல" என்றார் சென்னப்பன். "கொஞ்ச நாளிக்கித்தான். ஆடிட்டு போனதும் பழையபடி சொல்லிக்கலாம்."

பரமசிவம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுவதும் புரிந்தது. புரிந்துகொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதும் தெரிந்தது. மறுபடி பின், பின், பெட், பிட். மறுபடி எட்டிப் பார்ப்பது. அவருக்குத் திடீரென்று உட்கார வேண்டும்போல இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், நேராக மோகன்குமாரின் கண்ணாடி அறைக்குப் போனார்.

"சார், எனக்குக் காது கேக்கல. நாலஞ்சு வருசமா கேக்கல."

மோகன்குமார் எழுந்து ஏதோ சொன்னார். மீசை அசைந்தது.

"மீசை மறைக்குது சார். தெரியல."

மோகன்குமார் மேசையிலிருந்த அட்டைத் துண்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். 'ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?'

"சொன்னா அனுப்பிருவிய. இப்ப அனுப்புனாலும் பரவாயில்ல சார். என்னால இனிமே பாத்துக்கிட்டே இருக்க முடியாது. அசதியா இருக்கு."

மோகன்குமார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பரமசிவம் உட்கார்ந்தார். அந்த அறைக்குள் பல வருடங்களில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. காதைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் எழுதினார். பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே சத்தம் இல்லை. பாகங்களை எண்ணெய்த் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரவு ஷிப்டும் ஓவர்டைமும் போனதால் கையில் வருவது குறைந்தது. ராஜலட்சுமி பண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகத் தொடங்கினாள்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. மூலம் காது மெஷின் கிடைத்தது. சட்டைப் பையில் வைக்கும் சிறு டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு பேக்கிங்கில் உட்கார்ந்தவர், யாரோ டேப்பைக் கிழித்த சத்தத்தில் பதறி எழுந்துவிட்டார். எல்லாமே ஒரே அளவு கேட்டது. பேச்சும் மின்விசிறியும் அட்டை உரசுவதும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வந்தன. வீட்டில் ராஜலட்சுமி எதிரில் உட்கார்ந்து, "கேக்குதா?" என்றாள்.

"கேக்கு. உன் குரலா இதுன்னு இருக்கு."

அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் லாவண்யா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் படித்தது, சண்டை போட்டது எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லித் தீர்ப்பாள். பிறகு கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

அவர் விஷயம் தெரிந்த பிறகு பிரஸ் ஷாப்பில் எல்லோருக்குமே காதைச் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். நாள் முழுக்க ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். முடிவு வந்தபோது, பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு குறை. அத்தனை பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினால் மெஷினில் நிற்க ஆள் இல்லை. அதனால் மாற்றவில்லை. தலையில் மாட்டும் தடித்த காது மூடிகளை வாங்கிக் கொடுத்தார்கள். சின்ன வயதுப் பையன்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது உதவும்.

சென்னப்பன் அன்று ஷிப்ட் முடிந்து பேக்கிங் பக்கம் வந்தார். இருவரும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றார்கள். நல்ல வெயில், லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

"எடது காது சுத்தமா போயிடுச்சாம்" என்றார் சென்னப்பன். பரமசிவத்துக்குப் பழகிய முகம், சொல்லி முடிக்கும் முன்பே புரிந்தது. "வலது பாதி. எனக்கே தெரில பாரேன். நீ பேசறப்ப வலது காது உன் பக்கம் வர்ற மாதிரி நின்னுக்குவன், ஏன்னு யோசிக்கவே இல்ல."

பரமசிவம் டீயை ஆற்றினார்.

"இது எங்க போயி நிக்கும்?"

பொய் சொல்லலாமா என்று பரமசிவம் ஒரு கணம் நினைத்தார். சென்னப்பன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்பதற்காக அல்ல, பதிலுக்காக.

"மெஷினுல இருக்க வரைக்கும் நிக்காதுண்ணே" என்றார். "நான் சொன்ன மாதிரி நீங்களும் போயிச் சொல்லிருங்க. காத்திருக்காதிய."

"மக கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார் சென்னப்பன்.

பரமசிவம் வற்புறுத்தவில்லை. அவரும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டவர். டம்ளர்களை வைத்துவிட்டு இருவரும் சாலையோரம் போய் நின்றார்கள். பஸ் வந்ததும் ஏறி, ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் ஜூஜூவாடி நிறுத்தத்தைத் தாண்டும் முன்பே இருவருக்கும் தூக்கம் வந்துவிட்டது.